அம்மாவின் குதிகால்: ஓர் எலும்பு வார்டில் 12 நாள் பார்த்த நர்சிங்

அம்மாவுக்கு 81 வயது. பாத்ரூம் வாசலில் கால் வழுக்கி விழுந்ததில் இடது இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாளே ஆபரேஷன், ஓர் இரவு தீவிரக் கண்காணிப்புப் பிரிவு, அப்புறம் எலும்பு வார்டு. மொத்தம் 12 நாள். அத்தனை நாளும் பெரும்பாலான நேரம் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தது நான்தான். டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள். நான் எழுத வந்தது நர்ஸ்களின் வேலையைப் பற்றி.

நானும் நர்ஸ்தான். 29 வருஷம் டியூட்டி பார்த்து, கடைசி 9 வருஷம் வார்டு இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் நான்கு நாள் இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் கட்டிலுக்கு மட்டும் கவனிப்பு கூடிவிடும், மற்றவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். மருத்துவமனையின் பெயரையும் இங்கே போடவில்லை. அங்கே நடந்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். பெயரோடு சொன்னால் அந்தத் தவறு மட்டும் ஊரெல்லாம் சுற்றும், அதற்குப் பிறகு அவர்கள் செய்தது யார் காதிலும் விழாது.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அறை சுத்தமாக இருந்ததா, ஏ.சி. வேலை செய்ததா, சாப்பாடு சூடாக வந்ததா, பில் போட எவ்வளவு நேரம் ஆனது, ஊழியர்கள் சிரித்த முகமாகப் பேசினார்களா. இப்படியே போனது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தார்களா, கொடுக்கிற மாத்திரை எதற்கென்று சொன்னார்களா, வலி என்றபோது எத்தனை நிமிஷத்தில் வந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அவேதிஸ் டோனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையின் தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார்: என்ன வசதி இருக்கிறது, வேலை எப்படி நடக்கிறது, நோயாளிக்குக் கடைசியில் என்ன ஆகிறது. நர்சிங் படித்த எல்லோருக்கும் இது பாடம். அந்தப் படிவம் முதல் இடத்தைத் தாண்டவே இல்லை. வேலை எப்படி நடந்தது என்பதை யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

முதலில் ஷிஃப்ட் மாறும் நேரம். ஒரு வார்டை எடைபோட எனக்கு அந்த 20 நிமிஷம் போதும். பல இடங்களில் நர்ஸிங் ஸ்டேஷனில் நின்றபடியே, "12ஆம் பெட், எலும்பு முறிவு, ஸ்டேபிள்" என்று நோட்டைப் பார்த்து ஒப்பித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இங்கே போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கட்டிலுக்கே வந்தார்கள். கைப்பட்டையில் அம்மாவின் பெயரையும் நோயாளி எண்ணையும் பார்த்தார்கள். ட்ரிப்ஸ் ஊசி குத்திய இடத்தைத் தொட்டு, சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கட்டு நனைந்திருக்கிறதா என்று இருவருமே குனிந்து பார்த்தார்கள். அப்புறம் போர்வையைக் கால்பக்கம் விலக்கிக் குதிகாலைப் பார்த்தார்கள்.

அந்தக் குதிகாலில்தான் எனக்கு இந்த வார்டின் மேல் நம்பிக்கை வந்தது. இடுப்பு முறிந்த வயதானவர்களுக்கு முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அங்கே பார்ப்பார்கள். குதிகால் மறந்துபோகும். ஆபரேஷன் செய்த காலை நோயாளி வலிக்குப் பயந்து அசைக்கவே மாட்டார். மெத்தையில் அழுந்தி அழுந்தி, மூன்றாம் நாள் பார்த்தால் கருநீலமாகக் கொப்புளம் கட்டியிருக்கும். இங்கே கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. டியூட்டியில் இருந்த சிஸ்டருக்கு 25 வயதுகூட இருக்காது. விரலால் அழுத்தினார், எடுத்தார். அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப்புண். வெளுத்தது. இருந்தாலும் விடவில்லை. இரவில் தலையணை நழுவியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, அடுத்த ஷிஃப்டில் வருகிறவருக்குத் தெரியும்படி சார்ட்டில் எழுதி, என்னிடமும் வந்து, "நைட்ல பாட்டி கால் நகர்ந்துச்சுன்னா எங்களைக் கூப்பிடுங்கம்மா, நீங்களா தூக்கிடாதீங்க" என்றார். நாங்கள் வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சிவப்பு திரும்பி வரவில்லை.

படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்க 1987இல் வெளிவந்த பிரேடன் அளவுகோல் என்று ஒன்று உண்டு. உணர்வு, ஈரம், நடமாட்டம், உடல் அசைவு, சத்துணவு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். அதிகபட்சம் 23. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் கவனம் தேவை. அம்மாவுக்கு முதல் நாள் 14 போட்டிருந்தார்கள். எண்ணைப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. 14 என்று எழுதிய பிறகு தலையணை வந்ததா, சாய்த்துப் படுக்க வைக்கிற நேரத்தை எழுதினார்களா என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே இரண்டும் நடந்தது. என் சர்வீஸில் எண் மட்டும் இருந்து தலையணை இல்லாத சார்ட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலி விஷயத்தில் முதல் இரண்டு நாள் சறுக்கல். "பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு வலிக்குது பாட்டி?" என்று கேட்பார்கள். அம்மா "பரவாயில்ல கண்ணு" என்பார். அவர் வாழ்நாள் முழுக்க யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். சார்ட்டில் 2 என்று விழும். மாத்திரை தள்ளிப்போகும். பிசியோதெரபிஸ்ட் வந்து உட்கார வைக்கும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முகம் வேர்த்துப்போவார். மூன்றாம் நாள் ஒரு மூத்த சிஸ்டர் வந்தார். அவர் எண்ணைக் கேட்கவில்லை. "பாட்டி, ஒரு தடவ நல்லா இருமுங்க" என்றார். அம்மா இருமப் போய்ப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார், கை தானாகக் கட்டில் கம்பியைப் பிடித்தது. சிஸ்டர் அந்தக் கையைத்தான் பார்த்தார். டாக்டரிடம் பேசி, பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வலி மாத்திரை வரும்படி நேரத்தை மாற்றினார். நான்காம் நாள் அம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார்.

இனி அந்தத் தவறு. அம்மாவைத் தீவிரக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து வார்டுக்கு மாற்றியது இரவு எட்டரை மணிக்கு. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க எனாக்ஸாபரின் ஊசி, தினம் ஒருமுறை, 40 மில்லிகிராம். அங்கே எட்டு மணிக்கே போட்டுவிட்டார்கள். பழைய மருந்துச் சார்ட்டில் கையெழுத்தும் இருந்தது. வார்டுக்கு வந்ததும் புதுச் சார்ட் எழுதினார்கள். அதில் இரவு ஊசிக்கான கட்டம் காலியாக இருந்தது. பத்து மணிக்கு இரவு நர்ஸ் கைப்பட்டையைப் பார்த்து, பெயர் கேட்டு, மருந்து, அளவு எல்லாம் சரிபார்த்துத்தான் போட்டார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, அந்தச் சார்ட்டின்படி சரியான நேரமும்கூட. பாடத்தில் சொல்கிற ஐந்தும் சரி. ஆனாலும் இரண்டாம் முறை. நான் அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன்.

10:40க்கு அந்தப் பெண் திரும்பி வந்தார். கையில் இரண்டு சார்ட். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். பாட்டிக்கு ராத்திரி ஊசி ரெண்டு தடவ போட்டாச்சு. அங்க எட்டு மணிக்குப் போட்டிருக்காங்க, நான் பழைய சார்ட்டப் பாக்காம திரும்பவும் போட்டுட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், இதோ வர்றாங்க" என்றார். கால் நடுங்கிக்கொண்டுதான் நின்றார், ஆனால் மழுப்பவில்லை. டாக்டரிடம் அவர் போனில் பேசியதை நான் வந்துகொண்டிருந்தபோது அரைகுறையாகக் கேட்டிருந்தேன்: நோயாளி யார், என்ன நடந்தது, இப்போது பி.பி., நாடி, கட்டு எப்படி இருக்கிறது, என்ன செய்ய வேண்டும். நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, தேவை என்று நான்கு பகுதியாகப் பேசுகிற எஸ்.பி.ஏ.ஆர். முறை அப்படியே. பதற்றத்திலும் அந்த வரிசை வாயில் வந்ததென்றால் யாரோ உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

டாக்டர் வந்தார். இரவு முழுக்க மணிக்கொருமுறை பி.பி., நாடி பார்த்தார்கள். காயத்துக் கட்டு வழியே ரத்தம் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். காலையில் ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபின் குறையவில்லை. அடுத்த ஊசியை டாக்டர் பார்த்து முடிவு செய்த பிறகே போட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கோபத்தை நான் மறைக்கவில்லை. இன்சார்ஜிடம் போய்ச் சத்தம் போட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வராமல் யோசித்தபோது நினைவுக்கு வந்தது வேறொன்று. நான் டியூட்டியில் சேர்ந்த புதிதில் என் பேட்ச் பெண் ஒருத்தி ஓர் ஆன்டிபயாடிக்கை இரண்டு முறை போட்டுவிட்டாள். அவளும் நானும் சேர்ந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெமோ, எல்லார் முன்னாலும் திட்டு, ஒரு வருஷத்துக்கு அதே பேச்சு. அந்த நோயாளி நன்றாகத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் எதனால் அப்படி நடந்தது என்று யாரும் தேடவில்லை, தேட விஷயமே தெரியாது. வேறு எத்தனை பேர் அதே இடத்தில் தடுக்கினார்களோ. 1999இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கை வெளியிட்டது. அங்கே மருத்துவமனைத் தவறுகளால் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது. அந்த எண்ணைவிட என்னைப் பிடித்து உலுக்கியது அது சொன்ன காரணம்: பெரும்பாலான தவறு மோசமான ஆட்களால் வருவதில்லை, நல்ல ஆட்களையும் தடுக்கிவிழ வைக்கிற ஏற்பாட்டால் வருகிறது. அதைப் படித்த பிறகுதான் என் வார்டில் தவறைச் சொல்கிறவரைத் திட்டுவதை நிறுத்தினேன்.

இந்த வார்டும் அந்தப் பெண்ணைத் தண்டிக்கவில்லை. சம்பவ அறிக்கை எழுதச் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் இன்சார்ஜ், தீவிரப் பிரிவின் சிஸ்டர், மருந்தாளுநர், அந்தப் பெண் என நாலு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு நோயாளி மாறி வந்தபோது பார்த்தேன். கொண்டுவந்த நர்ஸும் வாங்கிக்கொண்ட நர்ஸும் கட்டிலருகே பழைய சார்ட்டையும் புதுச் சார்ட்டையும் அக்கம்பக்கமாக விரித்து வைத்து, ஒவ்வொரு மருந்துக்கும் நேராக "கடைசியாகப் போட்டது எத்தனை மணி" என்று சிவப்புப் பேனாவில் எழுதி, பழையதைக் கோடடித்து மூடி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் புதிதாக ஒரு கட்டம் கையால் வரைந்து ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தக் கட்டம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. எழுத இடம் போதவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சின்னதாகச் செய்துபார், என்ன ஆகிறதென்று கவனி, திருத்து, மறுபடி செய் என்று தர மேம்பாட்டு வகுப்புகளில் வட்டம் வரைந்து சொல்லித்தருவார்களே, அது இதுதான். நான் பார்த்த வகுப்புகளில் அந்த வட்டம் பலகையோடு நின்றுவிடும்.

குறைகள் இன்னும் உண்டு. சிறுநீர்க் குழாயை ஐந்தாம் நாள்வரை எடுக்கவில்லை. "எதுக்கு இன்னும் இருக்கு?" என்று நான் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. தினமும் காலையில் "இது இன்றும் தேவையா?" என்று கேட்கிற உரிமை நர்ஸுக்கு இருக்க வேண்டும், கேட்டே ஆக வேண்டும் என்ற வழக்கமும் இருக்க வேண்டும். நான் கேட்ட அன்று மத்தியானமே எடுத்தார்கள். நான் கேட்காமல் இருந்திருந்தால்?

மூச்சு எண்ணிக்கை. சார்ட்டைப் புரட்டினால் ஒரு குறிப்பிட்ட ஷிஃப்டில் எல்லாக் கட்டிலுக்கும் 18, 18, 18. நர்ஸ்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். எண்ணவில்லை. நானும் இளவயதில் எண்ணாமல் 20 என்று எழுதியிருக்கிறேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். நோயாளியின் நிலை கெடப்போகிறது என்பதை உடம்பு முதலில் சொல்வது பெரும்பாலும் மூச்சில்தான். பி.பி. இறங்கும்வரை காத்திருந்தால் பல மணி நேரம் போயிருக்கும். இங்கிலாந்தில் 2012இல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மதிப்பெண் கூடக் கூட ஆபத்து; நிமிஷத்துக்கு 25 மூச்சு என்றாலே அதற்கு மட்டும் 3 மதிப்பெண். பகல் ஷிஃப்டில் ஒரு சிஸ்டர் நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே முழு நிமிஷம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினார். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும், அதனால்தான் அப்படி. ஒரே வார்டில் இரண்டு விதமான வேலை. அதைச் சரிசெய்வது இன்சார்ஜின் கையில் இருக்கிறது.

வரவேற்பறைச் சுவரில் கை சுத்தம் 98 சதவீதம் என்று பலகை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன ஐந்து தருணங்களை வைத்துக்கொண்டு ஒருநாள் மத்தியானம் நாற்காலியில் இருந்தபடியே எண்ணினேன். நோயாளியைத் தொடுமுன், சுத்தமான சிகிச்சை செய்யுமுன், உடல் திரவம் பட்ட பின், தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். 20 தருணத்தில் 13 முறை கை தேய்த்தார்கள். கட்டிலின் கம்பியையும் ட்ரிப்ஸ் ஸ்டாண்டையும் தொட்ட பிறகுதான் அதிகம் விட்டுப்போனது. கணக்கெடுக்க ஆள் வந்து நிற்கும்போது எல்லோரும் தேய்ப்பார்கள், அந்த எண்தான் பலகைக்குப் போகும். 65 என்று உண்மையாக எழுதி, எந்தத் தருணம் விட்டுப்போகிறது என்று பக்கத்தில் போட்டால் அதை வைத்து ஏதாவது செய்யலாம். 98ஐ வைத்து என்ன செய்வது?

இரவுதான் இந்த வார்டின் பெரிய குறை. 26 கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். நான்காம் இரவு அம்மாவுக்குக் குழப்பம் வந்தது. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இது அடிக்கடி வரும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தார். பெல் அடித்தேன். ஆள் வர 14 நிமிஷம். அதே நேரம் மறுகோடியில் இன்னொருவருக்கு வாந்தி. அவர்கள் சும்மா இருந்ததால் தாமதம் ஆகவில்லை, ஓடிக்கொண்டிருந்தார்கள். வந்தவர் கையைக் கட்டவில்லை. தூக்க ஊசியும் கேட்கவில்லை. அம்மாவின் கண்ணாடியைத் தேடி மாட்டிவிட்டார், காது மெஷினை வைத்தார், சின்ன விளக்கைப் போட்டார், கையைப் பிடித்துக்கொண்டு "பாட்டி, ஆஸ்பத்திரில இருக்கீங்க, இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு, பொண்ணு பக்கத்துலயே இருக்காங்க" என்று நாலைந்து முறை பொறுமையாகச் சொன்னார். பத்து நிமிஷத்தில் அம்மா அடங்கினார். அருமையான வேலை. ஆனால் நான் பக்கத்தில் இல்லாமல், அம்மா தனியாக இருந்திருந்தால் அந்த 14 நிமிஷத்தில் மறுபடி விழுந்திருப்பார்.

அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் லிண்டா எய்கனும் அவர் குழுவும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் ஆனவர்களைப் பார்க்கும் நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். ஒரே ஒரு நோயாளி கூடினாலே அப்படி. 13 பேரை ஒருவர் பார்க்கிற இரவில் எவ்வளவு நல்ல நர்ஸாக இருந்தாலும் ஏதோ ஒரு கட்டிலில் ஏதோ ஒன்று விட்டுப்போகும். ஊசி இரண்டு முறை போனதும் அப்படிப்பட்ட இரவில்தான்.

5க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த ஒன்று முழுக்க இரவுக்கான ஆள் எண்ணிக்கைக்கு, அதாவது நிர்வாகத்துக்கு. கருத்துப் படிவத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது, இரவுக்கு மூன்றாவது நர்ஸ் வேண்டும் என்று காரணத்தோடு அங்கே எழுதிக் கொடுத்தேன். அந்த இரவில் உண்மையைச் சொன்ன பெண்ணின் பெயரைப் பாராட்டுப் பகுதியில் எழுதினேன். இன்சார்ஜ் அதைப் படித்துவிட்டு, தான் நேரில் அந்தப் பெண்ணிடம் காட்டுவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வார்டிலிருந்து போன். எனாக்ஸாபரினை மொத்தம் 35 நாள் போடச் சொல்லியிருந்தார்கள், வீட்டில் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பேசியது அதே பெண். காயம் எப்படி இருக்கிறது, காலில் வீக்கம் உண்டா, எத்தனை அடி நடக்கிறார் என்று வரிசையாகக் கேட்டார். அப்புறம், "கடைசி ஊசி நேத்து எத்தனை மணிக்குப் போட்டீங்கம்மா? எழுதி வச்சிருக்கீங்களா?" என்றார். எழுதி வைத்திருந்தேன். நேரத்தைப் படித்துக் காட்டினேன்.